தடைக்காலத்தில் மட்டும் நான் நல்ல நர்ஸ்

நகரத்தின் தாய்-சேய் நலத் தரவுகளைத் திரையில் பார்த்து எங்களுக்கு மதிப்பெண் போடும் உயர் அலுவலர்களுக்கு,

போன வாரம் இரவு ஒன்பதரை மணிக்கு எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் உங்கள் சுற்றறிக்கை வந்தது. அடுத்த மாதம் முதல் நகர்ப்புற சுகாதார செவிலியர் ஒவ்வொருவருக்கும் ‘தரக் குறியீடு’ என்று ஒரு மதிப்பெண். அதற்கேற்ப பச்சை, மஞ்சள், சிவப்பு. தொடர்ந்து இரண்டு மாதம் சிவப்பில் இருந்தால் மெமோ. ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குப் பணி நீட்டிப்பின்போது இதுவும் பார்க்கப்படும். கீழே வரிசையாக ‘சரி மேடம்’, ‘நோட்டட்’ என்று போட்டார்கள். நானும் ஒரு கும்பிடு போட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை.

நான் காசிமேட்டுப் பக்கம் வேலை பார்க்கிறேன். இந்த உத்தியோகத்தில் 24 வருடம். தெருவில் ‘நர்ஸம்மா’ என்றால் போதும், என் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. இந்த மடலிலும் அது வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று அரசு போட்ட தடை. இதற்கும் கர்ப்பிணிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் செயலியில் ஒரு கர்ப்பிணியைப் புதிதாகப் பதிய வேண்டுமானால் அவர் கொடுத்த எண்ணுக்கு ஓடிபி வரும். சில நிமிடங்களுக்குள் அதைப் போட்டாக வேண்டும். என் தெருக்களில் பல வீடுகளில் போன் ஒன்றுதான். அது கணவனின் சட்டைப் பையில் இருக்கும். கணவன் விசைப்படகில் இருப்பார். கடலுக்குப் போன ஆள் கரை திரும்ப ஒரு வாரமும் ஆகும், பத்து நாளும் ஆகும். ஓடிபி எங்கோ அந்தரத்தில் நிற்கும். பெண் வயிற்றைத் தடவிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருப்பார். எடை பார்த்தாகிவிட்டது, ரத்தம் எடுத்தாகிவிட்டது, பேசியாகிவிட்டது. ஆனால் உங்கள் திரையைப் பொறுத்தவரை அவர் இன்னும் என்னிடம் வரவே இல்லை.

பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுக்கச் சொன்னால் அதற்கும் தயங்குகிறார்கள். ‘ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்கன்னு பேங்க்ல சொல்றாங்களே நர்ஸம்மா, நீங்க எதுக்குக் கேக்குறீங்க?’ என்றார் ஒரு மாமியார். நியாயமான கேள்வி. நான் பேங்க் இல்லை என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

தடைக்காலம் வந்தால் ஆண்கள் தெருவிலேயே உட்கார்ந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். போன் கையில் இருக்கும். கூப்பிட்ட குரலுக்கு ஓடிபி வந்து நிற்கும். ஒரு வருடம் மே மாத ரிவ்யூ மீட்டிங்கில் என் பெயரைச் சொல்லி ‘நல்ல முன்னேற்றம்’ என்றார்கள், கைகூடத் தட்டினார்கள். ஜூலையில் அதே மீட்டிங்கில் எழுந்து நிற்க வைத்து, ஏன் இப்படிச் சரிந்தது என்று கேட்டார்கள். ‘கடலுக்குப் போயிட்டாங்க மேடம்’ என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அந்த மே மாதத்து நர்ஸும் நான்தான், ஜூலை மாதத்து நர்ஸும் நான்தான். உங்கள் குறியீடு அளந்தது என் வேலையை அல்ல, ஒரு போன் கரையில் இருந்ததா கடலில் இருந்ததா என்பதை.

தரவே வேண்டாம் என்று சொல்ல வந்தவள் என்று என்னை எண்ணிவிடாதீர்கள். நான் சேர்ந்தபோது எல்லாம் ரிஜிஸ்டர்தான். மாதக் கடைசியில் கோடு போட்டு எண்ணி ஒரு தாளில் மொத்தத்தை எழுதிக் கொடுப்போம். ஒரு பெண் வீடு மாறிப் போனால் அத்தோடு சரி, அவர் யார் கண்ணிலும் இருக்க மாட்டார். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிந்து கண்காணிக்கும் பிக்மி என்ற அரசுக் கணினிப் பதிவு வந்து ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 12 இலக்க எண் வந்த பிறகு, இங்கே பதிந்த பெண் திருவண்ணாமலையில் பிரசவித்தாலும் கண்டுபிடிக்க முடிகிறது. பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும் என்று ஆனதில் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் எங்கள் கணக்குக்குள் வந்தார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் 18,000 ரூபாய் உதவியும் அந்த எண்ணை வைத்துத்தான் போய்ச் சேர்கிறது. 2018-20 கணக்கின்படி தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய்மார் இறப்பு 54, இந்தியா முழுமைக்கும் 97. இந்த வித்தியாசத்தில் ஒவ்வொரு தாயையும் பெயர் சொல்லித் தேடிப் பிடிக்கிற வழக்கத்துக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

எண்களும் செவிலியர்களும் அந்நியர்கள் அல்ல. கிரிமியப் போரில் காயத்தால் செத்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் செத்த வீரர்களே அதிகம் என்று 1858-ல் வட்டமாக ஒரு படம் வரைந்து காட்டியவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். அங்கே எண்களை வைத்துக் கேள்வி கேட்டது நர்ஸ், பதில் சொல்ல வேண்டியிருந்தது ராணுவ மேலிடம். இங்கே அது தலைகீழாகிவிட்டது.

சரி, உங்கள் குறியீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். 12 வாரத்துக்குள் பதிவு. சேவை கொடுத்த 24 மணி நேரத்துக்குள் என்ட்ரி. எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும். பெண்டிங் பூஜ்யம். இந்த நான்கில் முதலாவதை விட்டால் மற்ற மூன்றும் நாங்கள் என்ட்ரி போடும் டேப்பைப் பற்றியவை, தாயைப் பற்றியவை அல்ல.

ஒரு மதியத்தைச் சொல்கிறேன். இரண்டாவது பிரசவத்துக்கு இருக்கும் ஒரு பெண். ஹீமோகுளோபின் 8.6. 11-க்குக் கீழே போனாலே கர்ப்பிணிக்கு ரத்தசோகை. செயலியில் அவர் பெயருக்கு நேராக ‘இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்பட்டது: ஆம்’ என்று இருக்கிறது. முழுக்கப் பச்சை. மாத்திரை கொடுத்தது நான்தான், பொய் இல்லை. ஆனால் எண் ஏறவே இல்லை. வீட்டுக்குப் போனேன். ‘போடறேன்க்கா’ என்றுதான் சொன்னார். பேசிக்கொண்டே இருந்தேன். மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடம், மாமியாரின் முழங்கால் வலி, எதிர் வீட்டுச் சண்டை என்று சுற்றி வந்து, கடைசியில் அரிசி ட்ரம்முக்குப் பின்னாலிருந்து ஒரு பை வெளியே வந்தது. அட்டை அட்டையாகச் சிவப்பு மாத்திரை. போட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, குழந்தையும் கறுத்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போட்ட சில நாளும் கால்சியம் மாத்திரையோடு சேர்த்து டீயில் முழுங்கியிருக்கிறார். டீயோடும் கால்சியத்தோடும் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இதைப் போடு, கால்சியத்தைக் காலையிலும் மதியமும் சோற்றோடு வைத்துக்கொள், எலுமிச்சம்பழம் கிடைத்தால் பிழிந்து குடி, கறுப்பாகப் போவது இரும்பு, பயப்பட வேண்டாம் என்று மாமியாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். அடுத்த முறை பார்த்தபோது 9.4, பிரசவத்துக்கு முன்னால் 10.3.

அந்த வீட்டில் எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதைப் போட உங்கள் செயலியில் கட்டம் இல்லை. அன்றைக்கு ஒன்பது என்ட்ரி பெண்டிங். நான் சிவப்பு.

இதைவிட மோசமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிபி. செயலியில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் பக்கத்தை சேவ் செய்ய முடியாது. மெஷினில் பேட்டரி தீர்ந்திருக்கும், இல்லையென்றால் கையில் சுற்றும் பட்டை ஒட்டாமல் அவிழ்ந்துவிடும். வேறு மெஷின் கேட்டு எழுதிக் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருப்போம். ‘அளக்க முடியவில்லை’ என்று போட இடமே இல்லை. வெளியே இருபது பேர் வரிசையில். அப்போது ஒரு சின்னப் பெண், ஒப்பந்தத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள், என்னிடம் கேட்கிறாள்: ‘அக்கா, 110/70 போட்டுடவா?’

போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் போட்டிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான்.

ஒரு பெண்ணுக்குத் தொடர்ந்து மூன்று தடவை 110/70 இருந்தது. யார் போட்டது என்று சொல்லப் போவதில்லை. நான்காவது தடவை எனக்கு ஒரு சந்தேகம், முகம் உப்பலாகத் தெரிந்தது. பக்கத்து நிலையத்திலிருந்து மெஷின் வாங்கி வரச் சொல்லி அளந்தேன். 152/104. சிறுநீரில் புரதம். 140/90-ஐத் தாண்டினாலே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய ஆள். ஆட்டோ பிடித்து நானே கூடப் போனேன். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், பையன் இப்போது நடக்கிறான். ஆனால் அந்த மூன்று மாதமும் உங்கள் திரையில் அவர் குறையில்லாத கர்ப்பிணி. அவருடைய நர்ஸும் குறையில்லாத நர்ஸ்.

இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு முடியாதா? முடியும். டிஜிட்டல் மெஷினில் நிஜமாக அளந்தால் 113/67, 108/74 என்று கண்டபடிதான் எண் வரும். ஒரே ஊழியரிடமிருந்து 110/70, 120/80 என்று வரிசையாக வந்தால் அங்கே மெஷின் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஹீமோகுளோபினும் அப்படித்தான், எல்லோருக்கும் 10, 10.5, 11 என்று வழுவழுப்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இத்தனை லட்சம் வரிகளை எங்களிடம் வாங்கி வைத்திருக்கிறீர்கள். கட்டம் நிரம்பியதா என்று எண்ணுகிற கணினிக்கு, நிரப்பியது நிஜமா என்று பார்ப்பதும் பெரிய வேலை இல்லை. அப்படிப் பார்த்தால் முதலில் எங்களுக்கு மெமோ அனுப்பாதீர்கள், மெஷின் அனுப்புங்கள்.

இன்னொன்று, யாரை யார் கணக்கில் வைப்பது என்பது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போவாள். இது உங்களுக்கும் தெரியும், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கும். அவள் செய்யாறிலோ திண்டிவனத்திலோ அங்கிருக்கும் கிராம சுகாதார செவிலியரிடம் ஒழுங்காகக் காட்டிக்கொண்டுதான் இருப்பாள். அங்கே என்ட்ரி தாமதமானால் இங்கே என் பட்டியலில் ‘விடுபட்டவர்’. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் குடும்பங்களை ஏற்றி அனுப்பினீர்களே, அப்போது அந்தப் பகுதிகளில் இருந்த என் சக ஊழியர்களின் பட்டியலில் ஒரே வாரத்தில் எத்தனை சிவப்பு விழுந்தது தெரியுமா? வீட்டை இடித்தது அரசு, தாயைத் தவற விட்டது நர்ஸ் என்று கணக்கு. நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் விதிப்படி 10,000 பேருக்கு ஒரு செவிலியர். எங்கள் நிலையத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தின் தெருக்களும் என் தலையில்தான். குறியீடு அதையும் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்து தரத்தைச் சரியாகப் பார்த்த ஒரு வேலை உண்டு, போலியோ சொட்டு மருந்து. நாங்கள் எத்தனை டோஸ் கொடுத்தோம் என்ற கணக்கை மட்டும் நம்பவில்லை. ஆள் வைத்து வீடு வீடாகப் போய்ப் பிள்ளையின் சுண்டு விரலைப் பார்த்தார்கள். மை இருக்கிறதா, இல்லையா. இல்லையென்றால் யார் தப்பு என்று பேசிக்கொண்டிருக்காமல் அங்கேயே சொட்டு மருந்து. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று நமக்குச் சான்று கிடைத்ததென்றால், அப்படி விரலைப் பார்த்ததும் அதற்கு ஒரு காரணம். இப்போது விரலை யாரும் பார்ப்பதில்லை, டேப்பைத்தான் பார்க்கிறார்கள்.

கடைசியாக ஒரு கோபம். எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்கே முழுதாகத் தெரியாது. அதில் ‘பெண்டிங் லிஸ்ட்’ என்று போன மாதம் ஒரு படம் வந்தது. தாய்மார்களின் பெயர், கணவர் பெயர், போன் எண், ‘ஹை ரிஸ்க்’ என்றால் அதன் காரணமும். எந்தக் காரணங்களெல்லாம் அந்தக் கட்டத்தில் வரும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்கள் வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்திருந்து என்னிடம் மட்டும் சொன்ன விஷயங்கள் அவை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது செய்யக் கூடாத காரியம்.

ஆகையால் கேட்கிறேன். தரவரிசையையும் மெமோவையும் நிறுத்தி வையுங்கள். ஒப்பந்தச் செவிலியரின் பணி நீட்டிப்போடு இந்த மதிப்பெண்ணை முடிச்சுப் போட்டதை எழுத்தில் திரும்பப் பெறுங்கள். அது இருக்கும்வரை அந்தச் சின்னப் பெண் 110/70 போட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

செயலியில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் ‘அளக்க முடியவில்லை’ என்று ஒரு தேர்வும், ஏன் என்று சொல்ல இடமும் வேண்டும். மெஷின் பழுது, பேட்டரி இல்லை, தாய் வீட்டில் இல்லை. அந்தப் பட்டியல் வாரம் ஒருமுறை சாமான் வாங்கித் தரும் பிரிவின் மேசைக்குப் போக வேண்டும். அவர்கள் எத்தனை நாளில் மாற்றிக் கொடுத்தார்கள் என்பதும் அதே திரையில், அதே பச்சை, மஞ்சள், சிவப்பில் தெரியட்டும். எங்களுக்கு ஒரு நிறம் என்றால் அவர்களுக்கும் ஒரு நிறம்.

ஓடிபி இல்லாமல் பதிய வழி வேண்டும். தாயின் கையில் இருக்கும் அட்டையே போதும், எண்ணைப் பின்னால் சரிபார்த்துக்கொள்ளலாம். தாய்வீடு போனவர்களை, குடியிருப்பு மாற்றப்பட்டவர்களை ‘விடுபட்டவர்’ என்று எழுதாதீர்கள். ‘இடம் மாறியவர்’ என்று தனியே வைத்து, போன ஊர்ச் செவிலியருக்கு அன்றே தகவல் போகச் செய்யுங்கள்.

தரம் பார்க்க விருப்பமென்றால் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். ஒரு பகுதிக்கு 19 வீடுகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்துப் பார்க்கிற முறை தடுப்பூசித் திட்டங்களில் பழகியதுதான். 19 தாய்மார்களிடம் நாலே கேள்வி போதும். நர்ஸ் வந்தாரா, பிபி பார்த்தாரா, மாத்திரை போடுகிறாயா, ஆபத்து வந்தால் எங்கே போக வேண்டும் என்று தெரியுமா. பிரசவத்துக்கு அப்புறம் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கு யாராவது வந்து குழந்தையைப் பார்த்தார்களா என்றும் கேட்கலாம். வரும் விடையை மற்றவர்கள் முன்னால் வாசிக்காமல் எங்களிடம் கொடுங்கள். 24 வருடத்தில் நான் மேலே அனுப்பிய எண்கள் கணக்கில்லை. என் தெருக்களில் ரத்தசோகை கூடியதா குறைந்ததா என்று ஒரே ஒரு தாள்கூடக் கீழே திரும்பி வந்ததில்லை. அந்தத் தாள் மாதா மாதம் எனக்கு வேண்டும்.

தாய்மார்களின் பெயர் உள்ள எந்தப் பட்டியலும் இனி வாட்ஸ்ஆப்பில் வரக் கூடாது. வந்தவற்றை அழிக்கச் சொல்லி இந்த வாரமே உத்தரவு போடுங்கள்.

அடுத்த ரிவ்யூ மீட்டிங்குக்கு முன்னால் உங்களில் ஒருவர் ஒரு செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு வந்து உட்கார வேண்டும் என்பதும் என் கோரிக்கை. சொல்லிவிட்டு வர வேண்டாம். எட்டரைக்கு வந்தால் முதல் டோக்கனிலிருந்து பார்க்கலாம். மதியம் என்னோடு மூன்று வீட்டுக்கு வாருங்கள், சந்தில் தண்ணீர் நிற்கும், ஷூ வேண்டாம், செருப்பு போதும். என்ட்ரியை நீங்களே போட்டுப் பாருங்கள். பவர் பேங்க் ஒன்று கொண்டுவந்தால் நல்லது, எங்கள் டேப் மூன்று மணிக்கே அணைந்துவிடும்.

இப்படிக்கு,
நகர்ப்புற சுகாதார செவிலியர் ஒருவர்,
வட சென்னை